சரியாத சரிவு

என் கணவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தபோது கையில் இரண்டு பெரிய மட்டைகள் இருந்தன. டென்னிஸ் மட்டை என்றுதான் நினைத்தேன். குபெர்டினோவில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. அதில் யாரும் விளையாடி நான் பார்த்ததில்லை. இவராவது விளையாடட்டும் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ நேராக ஹாலுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, மட்டைகளைக் காலில் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

"என்னங்க இது?"

"ஸ்னோ ஷூ. இத போட்டா ஸ்னோல கால் புதையாது."

"இங்க ஏதுங்க ஸ்னோ?"

"இங்க இல்ல, டாஹோ பக்கம். மலைல. ரோடே இல்லாத எடத்துல எல்லாம் நடந்து போலாம்."

ரோடு இல்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். கால்களை அகட்டி, ஒவ்வொரு அடியையும் முழங்கால் வரை தூக்கி வைத்து, ஹாலிலிருந்து சமையலறை வரை போனார். திரும்பத் தெரியவில்லை. ஒரு மட்டையின் மேல் இன்னொரு மட்டையை வைத்து மிதித்துவிட்டு, ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் அவர் வீட்டுக் கூரையை, அதாவது எங்கள் தரையை, மூன்று முறை இடித்தார். எங்கள் முதல் மலைப் பயணம் அத்தோடு முடிந்தது.

இது தொண்ணூற்றெட்டாம் வருஷத்துத் தொடக்கம். கல்யாணமாகி நான் அமெரிக்கா வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தேன். இங்கே என் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. காலையில் அவர் கார் கிளம்பிப் போனால் சாயங்காலம் அது திரும்பி வரும்வரை எனக்குப் பேச்சுத்துணை டெலிபோன்தான்.

இந்த ஸ்னோ ஷூ விவகாரத்தைக் கிளப்பியவர் ஆபீஸில் அவருடைய டீம் லீட். ஆறடி உயர வெள்ளைக்காரர், கல்யாணமாகாதவர். குளிர்காலம் வந்தால் வார இறுதியில் வீட்டில் இருக்கவே மாட்டார். அவரோடு போக என் கணவரும், அதே டீமில் இருந்த ஒரு கோயம்புத்தூர்ப் பையனும் முந்திக்கொண்டார்கள். பையன் என்றாலும் அவனுக்கு இருபத்தேழு வயது, என்னைவிட ஒரு வயது பெரியவன். ஆனாலும் என்னை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவான். எந்தப் பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் மறுநாள் வாங்கிவிடுவான். பனி மலையை அவன் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, பனிக்கண்ணாடியும் மடக்கு மண்வெட்டியும், கழுத்தில் தொங்கும் ஒரு திசைகாட்டியும் அவனிடம் இருந்தன.

டீம் லீட் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, பனிச்சரிவைப் பற்றி இரண்டு நாள் வகுப்பு நடக்கும், அதில் எல்லோரும் சேர வேண்டும். இன்னொன்று, மலை நிலவரம் சொல்லும் ஒரு டெலிபோன் நம்பர் இருக்கிறது. தினமும் காலையில் புதிதாகப் பதிவு செய்து வைப்பார்கள். அதைக் குளிர்காலம் முழுக்க விடாமல் கேட்டு வர வேண்டும். கிளம்புகிற அன்றைக்கு மட்டும் கேட்டால் போதாதாம். போன வாரம் விழுந்த பனி இந்த வாரம் என்ன ஆனது என்று தெரிய வேண்டுமாம்.

"டெய்லி காலைல ஆறரைக்குக் கூப்பிடணும். நான் எங்க எந்திரிக்கறது?" என்று என் கணவர் என் முகத்தைப் பார்த்தார்.

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் நாள் எனக்குப் புரிந்தது 'குட் மார்னிங்'கும் 'தேங்க் யூ'வும் மட்டும். பேசியவருக்கு எப்போதும் ஜலதோஷம். மூக்கால் பேசினார், வேகமாகவும் பேசினார். பத்தி முடிவில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்கும். மூன்று முறை திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். வகுப்பில் நோட்ஸ் கொடுத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் கோடு போட்டு, தேதி, காற்று, புதுப்பனி, வெயில், ஆபத்து என்று பிரித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். தெரியாத வார்த்தைகளை நான் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அகராதியில் தேடினேன். அது எனக்குப் பெரிய உதவி செய்யவில்லை. அந்த மனிதர் 'நார்த் ஆஸ்பெக்ட்' என்பார். அகராதியில் ஆஸ்பெக்ட் என்றால் 'தோற்றம், அம்சம்' என்று இருந்தது. வடக்கு அம்சத்தில் ஆபத்து என்று எழுதி வைத்தேன்.

அதைப் படித்துப் பார்த்த கோயம்புத்தூர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணி, இது நம்மூர் டெய்லி காலண்டர்ல போடற சூலமுங்க! வடக்கே சூலம், பரிகாரம் பால்."

சொல்லப்போனால் அது அவ்வளவு தப்பில்லை. மலையில் எந்தத் திசை பார்த்த சரிவில் இன்றைக்குக் கால் வைக்கக் கூடாது என்பதுதான் விஷயம். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால் பனியைத் தூக்கிக்கொண்டு போய் வடகிழக்குச் சரிவில் குவித்துவிடும். அங்கே அது ஒரு பலகை மாதிரி இறுகி உட்காரும். அடியில் உள்ள பனி உதிரியாக இருந்தால் பலகை மொத்தமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். அதற்குமேல் பால் வார்த்துப் பிரயோஜனமில்லை. இதெல்லாம் இரண்டு வாரம் கேட்ட பிறகு எனக்கே விளங்கியது.

ஆபத்துக்கு ஐந்து படி வைத்திருந்தார்கள். முதல் படி லோ, அடுத்தது மாடரேட், மூன்றாவது கன்சிடரபிள், அதற்கு மேல் ஹை, எக்ஸ்ட்ரீம். இதில் மூன்றாவதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. கன்சிடரபிள் என்பது எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆண்டறிக்கையில் எழுதுகிற வார்த்தை. மாணவியர் கணிசமான முன்னேற்றம் அடைந்துள்ளனர். அதைப் போய் ஆபத்துக்கு வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. ஜலதோஷக்காரர் அதை விளக்கமாகச் சொல்வார்: தானாகச் சரியாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் போய் மிதித்தால் சரிவதற்கு நிறைய வாய்ப்பு.

பிப்ரவரிக்குள் எனக்கு அந்தக் குரலோடு ஒரு உறவே ஏற்பட்டுவிட்டது. அவர் இருமினால் எனக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கத் தோன்றும். அமெரிக்காவில் என்னோடு தினமும் ஆங்கிலம் பேசிய ஒரே ஆள் அவர்தான். எப்போது வேலைக்குப் போகப் போகிறாய், எப்போது குழந்தை என்று கேட்காத ஒரே ஆளும் அவர்தான். விஷயம் மெதுவாக வெளியே பரவியது. பிளசன்டனில் எங்கள் தமிழ் ஜெபக் கூட்டத்துக்கு வருகிற ஒரு ஆன்ட்டி போன் பண்ணினார்.

"ஏம்மா, என் மாமியார் வந்திருக்காங்க. சாட்டர்டே ஸ்னோ காட்ட அழைச்சிட்டுப் போறோம். செயின் வேணுமா?"

"ஆன்ட்டி, டயருக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்ல வேளை, ஆன்ட்டி சிரித்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து போன் வரும். நானும் நோட்டைப் புரட்டிக் காற்று, புதுப்பனி எல்லாம் சொல்வேன். அவர்களுக்குத் தேவை, பனி ரோட்டில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டுகிற செயின் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும்தான். ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்கள்.

வகுப்பு பிப்ரவரிக் கடைசியில் நடந்தது. முதல் நாள் டாஹோ பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் படம் போட்டுப் பாடம். கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண். முகம் முழுக்க வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். ஒவ்வொருவரும் எதற்காக வந்தோம் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சிகரம், சாகசம் என்று சொன்னார்கள். என் முறை வந்ததும் "ஐ டூ தி போன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் நோட்டை நீட்டினேன். பத்து நிமிஷம் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வகுப்பு முழுக்கக் காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு என் கையெழுத்தை யாரும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் பனியில் பாடம். பனிக்குள் புதைந்தவரைத் தேடுவதற்கு ஒரு கருவி உண்டு. சோப்பு டப்பா அளவு இருக்கும், மார்பில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பொத்தானைக் கேட்கிற பக்கம் திருப்பிக்கொண்டு, பீப் சத்தம் எங்கே கூடுகிறதென்று தேடிப் போக வேண்டும். அந்தப் பெண் ஒரு பையில் பழைய ஸ்வெட்டர்களை அடைத்து, உள்ளே ஒரு கருவியை வைத்து, யாருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டு வந்தார். விசில் ஊதினார்.

என் கணவர் காதில் கருவியை வைத்துக்கொண்டு ஓடினார். சத்தம் கூடியது. இடது பக்கம் திரும்பினார், சத்தமும் இடது பக்கம் போனது. வலது பக்கம் ஓடினார், அதுவும் வலது பக்கம் வந்தது. "நகருது! ஆளு நகருது!" என்று கத்தினார். புதைந்தவர் பனிக்குள்ளேயே ஓடுவதாக அவர் முடிவுகட்டிவிட்டார். அவர் மட்டுமில்லை, வகுப்பிலிருந்த நாங்கள் எட்டுப் பேரும் அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றினோம். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டோம். நடுவில் கோயம்புத்தூர்க்காரன் நின்றிருந்தான். அவன் தன் பொத்தானைத் திருப்ப மறந்துவிட்டான். அவனைத்தான் இத்தனை நேரமும் தேடியிருக்கிறோம்.

"கண்டுபுடிச்சுட்டீங்களா? உசுரு இருக்குதுங்களா?" என்று கேட்டான். என் கணவர் அவன் மேல் ஒரு கைப்பிடி பனியை எறிந்தார்.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை நான் ஓடவில்லை. நாலு அடி நடந்து நின்று, சத்தத்தைக் குறைத்து, மறுபடி நாலு அடி வைத்தேன். ஜலதோஷக் குரலைக் கேட்டுக் கேட்டு என் காது தீட்டப்பட்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மண்டிபோட்டு ஒரு இடத்தைக் காட்டினேன். கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்டினார்கள். பையிலிருந்து பிதுங்கிய ஒரு ஸ்வெட்டரின் கை முதலில் வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. கம்பளிக் கை பனியில் கிடந்த விதம் என்னவோ செய்தது. கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு என்று அந்தப் பெண் காலையில் சொல்லியிருந்தார். நாங்கள் கோயம்புத்தூர்க்காரனைத் துரத்தியே அதற்கு மேல் கழித்திருந்தோம்.

அப்புறம் இடுப்பளவு குழி வெட்டினோம். குழியின் சுவரில் பனி அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒவ்வொரு அடுக்கையும் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். மேல் அடுக்கைப் பிடித்தால் உருண்டையாக நின்றது, விரலால் தட்டினால் உடைந்தது. அசல் புட்டு மாவுப் பதம். எனக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், "குட் ஃபார் ஸ்டீமிங்" என்றேன். முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு அடுக்கு மட்டும் வேறு மாதிரி. பிடித்தால் பிடியில் நிற்கவில்லை. ரவை மாதிரி விரல் இடுக்கில் ஒழுகியது. "இதுதான் ஆபத்து. இதன்மேல்தான் மற்றதெல்லாம் வழுக்கும்" என்றார் அந்தப் பெண். ரவையின் மேல் புட்டுப் பலகை. எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் கிளம்பினோம். நாங்கள் இருவர், கோயம்புத்தூர்க்காரன், டீம் லீட். வெள்ளி இரவு மலையடிவார மோட்டலில் தங்கி, சனிக்கிழமை காலை அறையிலிருந்து நான் போன் பண்ணினேன். ஜலதோஷக்காரர் அன்று கொஞ்சம் தெளிவாகவே பேசினார். வியாழனன்று புதுப்பனி விழுந்திருக்கிறது, வெள்ளி முழுக்கத் தென்மேற்குக் காற்று. மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே, வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் கன்சிடரபிள். எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். டீம் லீட் தலையசைத்தார். பெரும்பாலும் மரங்களுக்கு நடுவேதான் போகிறோம், ஒரே ஒரு சரிவைத்தான் குறுக்கே கடக்க வேண்டும், அங்கே போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். அந்தச் சரிவைத் தாண்டினால் மேட்டிலிருந்து ஏரி தெரியுமாம்.

வெளியே வந்தால் வானம் துடைத்துவைத்த மாதிரி நீலம். காற்றே இல்லை. அப்படி ஒரு நாளில் யாருக்காவது கெடுதல் நடக்கும் என்று நம்பவே முடியாது. மட்டைகளைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்தோம். இரண்டு மணி நேரம் நன்றாகவே போனது. மரங்கள் குறைந்து ஒரு திறந்த வெளிக்கு வந்தோம். அங்கே எங்கள் காலுக்கடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய மெத்தையில் யாரோ பொத்தென்று உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நால்வரும் நின்றோம்.

"யாரு வயிறுங்க அது?" என்றான் கோயம்புத்தூர்க்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. வகுப்பில் அந்தப் பெண் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியிருந்தார். அடியில் இருக்கிற உதிரி அடுக்கு நம் எடையில் நொறுங்கும்போது வருகிற சத்தம் அது. நாங்கள் நின்றது சமதளம், அதனால் ஒன்றும் ஆகவில்லை. என் காலருகே பனியில் ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருந்தது.

இன்னும் கொஞ்ச தூரத்தில் அந்தச் சரிவு வந்தது. வெள்ளையாக, வழவழவென்று, ஒரு தடம்கூட இல்லாமல் இருந்தது. கிழக்குப் பார்த்தது. டீம் லீட் ஓரத்தில் பத்திரமான இடத்தில் குழி வெட்டினார். தூண் மாதிரி ஒரு துண்டை அறுத்துத் தனியாக்கி, மேலே மண்வெட்டியை வைத்து, முதலில் மணிக்கட்டால், பிறகு முழங்கையால் தட்டினார். முழங்கைத் தட்டு மூன்றாவதிலேயே தூணின் மேல்பாதி அப்படியே நழுவி அவர் மடியில் வந்து விழுந்தது. நழுவிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ரவை.

டீம் லீட் எல்லோரையும் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். கோயம்புத்தூர்க்காரன் தனக்கு ஓகே என்றான். என் கணவர், நீங்கள் ஓகே என்றால் நானும் ஓகே என்றார். டீம் லீட் தாடியைத் தடவினார். ஒவ்வொருவராகப் போகலாம், வேகமாகப் போகலாம் என்று இழுத்தார். ஏரி அந்தப் பக்கம் இருந்தது. இத்தனை தூரம் வந்தாகிவிட்டது.

"நான் வரலங்க," என்றேன் தமிழில்.

"என்ன ஆச்சு?"

"வரல. நீங்களும் போக வேண்டாம்."

"எல்லாரும் ஓகேங்கறாங்க இல்ல? சும்மா இரு, அவர் முன்னாடி..."

"அவர் முன்னாடிதான் சொல்றேன்."

டீம் லீட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் அவரிடம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "ஷீ இஸ் எ லிட்டில் டயர்ட்," என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் யாராவது பொய் சொன்னால் வருகிற குரல் வந்தது.

"ஐ ஆம் நாட் டயர்ட்," என்றேன். "திஸ் ஸ்லோப் இஸ் கன்சிடரபிள்!"

அந்த மலையில் அது எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டீம் லீட் மண்வெட்டியை மடக்கிப் பையில் போட்டார். "யெஸ் மேம்," என்றார். அவ்வளவுதான். திரும்பினோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பேர் கிடைத்திருக்கும். நாங்கள் மரநிழலில் உட்கார்ந்து, நான் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தபோது, மூன்று பேர் ஸ்கீ போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் குழியை எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக அந்தச் சரிவைக் குறுக்கே கடந்தார்கள். அந்தப் பக்கம் போய் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். சரிவு அசையவில்லை. ஒரு பிடி பனிகூட உதிரவில்லை.

நான் ஒரு பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் மூவரும் பத்திரமாகக் கடந்து, மேட்டுக்குப் பின்னால் மறைந்ததும், நான் கண்ணை மூடி ஜெபித்தேன். ஆண்டவரே, இப்போது ஒன்று சரியட்டும். சின்னதாக, யாருக்கும் சேதமில்லாமல், இவர் பார்க்கிற மாதிரி. கண்ணைத் திறந்தேன். சரிவு முன்னைவிட அழகாக மின்னிக்கொண்டிருந்தது. என் கணவர் எலுமிச்சைச் சாதத்திலிருந்து வேர்க்கடலைகளை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

டீம் லீட் தன் காரில் தனியாகப் போய்விட்டார். நாங்கள் மூவரும் எங்கள் காரில். பின்சீட்டில் கோயம்புத்தூர்க்காரன் தூங்கிவிட்டான். சாக்ரமென்டோ தாண்டி ஃப்ரீவேயில் ஓடும்போது என் கணவர் ஆரம்பித்தார்.

"அவங்க மூணு பேரும் போனாங்கல்ல?"

"போனாங்க."

"ஒண்ணும் ஆகல இல்ல?"

"ஆகல."

"அப்ப?"

"அப்ப என்ன? அவங்களுக்கு ஆகல. நமக்கும் ஆகல."

கொஞ்ச நேரம் வைப்பர் போடத் தேவையில்லாத கண்ணாடியில் வைப்பர் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அந்தத் தூண் அவர் மடியில வந்து விழுந்துச்சே, அப்பவே. நீ டயர்ட்னு நான் சொன்னா திரும்பிடலாம்னு பாத்தேன்."

"உங்க பயத்தை என் பேர்ல எழுதப் பாத்தீங்களா?"

"சரி விடு."

"விட முடியாது. உங்களுக்கு பயம்னா உங்க பேர்லயே சொல்லுங்க. நானும் உங்களோடதான் திரும்பி வரப் போறேன், வேற எங்க போகப் போறேன்?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"எனக்கும்தானுங்க. நீங்க ரெண்டு பேரும் ஓகேம்பீங்கனுதான் நானும் ஓகேன்னேன். அண்ணி, அந்த எலுமிச்சை சாதம் மிச்சம் இருக்குதுங்களா?"

அவன் தூங்கவேயில்லை. என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்காமல் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. மூன்று பேரும் அங்கேயே காருக்குள் மிச்சச் சாதத்தைத் தின்று தீர்த்தோம். திங்கட்கிழமை ஆபீஸில் டீம் லீட் அவரிடம், சரிவைப் பார்த்ததிலிருந்து வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்ததாகச் சொன்னாராம். ஆறடி மனிதர், பத்து வருஷ அனுபவம். நாலு பேரில் நாலு பேருக்கும் பயம். சொல்லத்தான் ஆளில்லை. திங்கட்கிழமை காலை நான் கூப்பிட்டபோது, ஜலதோஷக்காரர் ஆபத்தை மாடரேட்டுக்கு இறக்கியிருந்தார். அந்தச் சரிவு அன்று சரிந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏப்ரல் கடைசியில் மறுபடி போனோம். அதற்குள் பனியின் குணம் மாறியிருந்தது. பகல் வெயிலில் இளகி, ராத்திரியில் உறைந்து, உள்ளே அடுக்கே தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறிப் பனி இளகுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதே சரிவின் ஓரத்தில் மறுபடி குழி வெட்டினார் டீம் லீட். தோள்பட்டை வலிக்க வலிக்கத் தட்டியும் தூண் அசையவில்லை. நால்வரும் அவரவர் வாயால் ஓகே என்று சொன்னோம். அவர் வரிசையாக ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கடந்தோம். என் முறையும் வந்தது. நூறு அடி இருக்கும். எண்ணிக்கொண்டே போனேன், அறுபதில் எண்ணிக்கை தப்பிவிட்டது.

மேட்டில் நின்று ஏரியைப் பார்த்தோம். பாதி உறைந்தும் பாதி நீலமாகவும் கிடந்தது. கோயம்புத்தூர்க்காரன் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. அவனை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

மலையின் தெற்குப் பக்கம் ஒரு சின்ன மேடு உண்டு. அடியில் சமதளம், மரமும் பாறையும் கிடையாது. திரும்பும் வழியில் அங்கே வந்ததும் டீம் லீட் தன் பையிலிருந்து நாலு கறுப்புக் குப்பைப் பைகளை எடுத்தார். ஆளுக்கு ஒன்று. அதன்மேல் உட்கார்ந்து, காலை நீட்டி, விட்டுவிட வேண்டியதுதான். முதலில் அவர் போனார். அடுத்து என் கணவர், பாதி வழியில் திரும்பிப் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தார். நான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் பை தானாகவே நகர்ந்துவிட்டது. "ஏசப்பா!" என்று நான் போட்ட கூச்சல் முடிவதற்குள் கீழே வந்துவிட்டேன். சட்டைக்குள், காலுறைக்குள், காதுக்குள் எல்லாம் பனி.

எழுந்து நின்று, ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல், பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏற ஆரம்பித்தேன்.

"எங்க போற?" என்றார் அவர்.

"இன்னொரு தடவை," என்றேன்.